நீண்ட நாள் ஓடாமல் நின்ற மோரிஸ் மைனர் 1000: எங்கிருந்து தொடங்குவது?

செரங்கூன்வாசி
வணக்கம். சிங்கப்பூரில் எங்கள் தரைவீட்டு முகப்பில் மோரிஸ் மைனர் 1000 என்ற பழைய பிரிட்டிஷ் கார் ஒன்று நிற்கிறது. 1098 சிசி எஞ்சின். பத்து வருடத்துக்கு மேலாக ஓடவில்லை, பேட்டரி கழற்றியாகிவிட்டது. டேங்க் மூடியைத் திறந்தால் வார்னிஷ் வாடை. ஃபேன் பெல்ட்டைப் பிடித்து இழுத்தால் எஞ்சின் அசையவில்லை. பிரேக் பெடல் தரை வரைக்கும் போகிறது. சின் மிங் பக்கம் ஏதாவது பட்டறைக்கு இழுத்துப் போவதற்கு முன் வீட்டிலேயே எவ்வளவு செய்யலாம்? புது பேட்டரி போட்டு ஒருமுறை ஸ்டார்ட் பண்ணிப் பார்க்கலாமா?

ஏ சீரீஸ்
வேண்டாம் தம்பி. பேட்டரியைக் கடைசியில் வாங்கிக்கொள்ளலாம். துருப்பிடித்து ஒட்டியிருக்கும் பிஸ்டன் ரிங்கை ஸ்டார்ட்டர் மோட்டாரால் உலுக்கினால் ரிங் உடைந்து சிலிண்டர் சுவரைக் கீறிவிடும்.

பெல்ட்டை இழுத்து அசையவில்லை என்பதால் எஞ்சின் இறுகிவிட்டது என்று முடிவு கட்ட வேண்டாம். பழைய பெல்ட் வழுக்கும், பிளக் உள்ளே இருந்தால் கம்ப்ரெஷனும் எதிர்க்கும். முதலில் நாலு பிளக்கையும் கழற்றுங்கள். ஆட்டோமேட்டிக் கியர் எண்ணெயும் (ஏடிஎஃப்) அசிட்டோனும் பாதிக்குப் பாதி கலந்து ஒவ்வொரு துளையிலும் சுமார் 15 மில்லி விட்டு, துணியால் அடைத்து இரண்டு மூன்று நாள் ஊறவிடுங்கள். பிறகு நாலாவது கியரில் போட்டு வண்டியை முன்னும் பின்னும் மெல்ல ஆட்டுங்கள். பிரேக் இல்லாத வண்டி, ஆகவே சக்கரத்துக்கு ஒரு சாண் தள்ளி இரு பக்கமும் கட்டை வைத்துவிட்டுத்தான் ஆட்ட வேண்டும். காரின் முன்பக்கம் செருகி எஞ்சினைக் கையால் சுற்றும் கைப்பிடிக் கம்பி ஒரு திசையில் மட்டுமே கவ்வும். இறுகிய ரிங்குக்கு இரு திசை அசைவு தேவை, அதனால்தான் கியர். இளகியதும் கம்பியால் இரண்டு முழுச் சுற்று சுற்றுங்கள். கட்டைவிரல் மற்ற விரல்களோடு ஒரே பக்கம் இருக்கட்டும்.

அடுத்தது எஞ்சின் எண்ணெய். எஞ்சினுக்கு அடியில் எண்ணெய் தங்கும் சம்ப்பின் போல்ட்டை மெதுவாகத் தளர்த்துங்கள். தண்ணீர் இறங்கியிருந்தால் அதுதான் முதலில் சொட்டும். ஃபில்டர் கிண்ணத்தைக் கழற்றியதும் மேலே பள்ளத்தில் இருக்கும் ரப்பர் வளையத்தைக் கவனியுங்கள். அது கறுத்து இறுகி, இரும்போடு இரும்பாக ஒட்டியிருக்கும். பழையது இருப்பது தெரியாமல் மேலேயே புதியதை வைத்துவிடுவார்கள், எஞ்சின் ஓடியதும் எண்ணெய் பீய்ச்சும். ஊசியால் நெம்பி எடுத்துப் பள்ளத்தைத் துடைத்துவிட்டுப் புதியதைப் போடுங்கள். ஃபில்டரோடு சேர்த்து 3.7 லிட்டர் பிடிக்கும், 20டபிள்யூ-50 மினரல் எண்ணெய் போதும்.

செரங்கூன்வாசி
நன்றி அண்ணே. இப்போது கம்பியில் சுற்றுகிறது. பேட்டரியை இணைத்தால் பெட்ரோல் பம்ப் சத்தமே போடவில்லை. டேங்கை விட்டுவிட்டு ஒரு கேனிலிருந்து குழாய் கொடுக்கலாமா?

ஏ சீரீஸ்
பேட்டரியை எப்படி இணைத்தீர்கள்? மைனர் தொழிற்சாலையிலிருந்து வந்தது பாசிட்டிவ் எர்த். பிளஸ் முனைதான் பாடிக்குப் போகும். பின்னாளில் யாராவது மாற்றியிருக்கலாம். பாடிக்குப் போகும் கேபிளின் தொப்பி பெரிய முனைக்குப் பொருந்தினால் அது பிளஸ்தான். வேறு காரிலிருந்து ஜம்ப் கேபிள் போடும்போது இதில் தவறினால் பெரிய செலவு.

இந்த எஸ்யூ நிறுவன பெட்ரோல் பம்ப்பின் கறுப்பு மூடிக்குள் இரண்டு தொடுமுனை இருக்கும். நம் ஊர் ஈரப்பதத்தில் அவை பச்சை பூத்துவிடும். மெல்லிய தாளை நடுவே செருகி இழுத்துத் துடைத்தாலே பெரும்பாலும் டிக் டிக் என்று உயிர் வரும். கார்புரேட்டர் நிரம்பியதும் சத்தம் நிற்க வேண்டும். நிற்காமல் அடித்தால் குழாயில் காற்று இழுக்கிறது, அல்லது ஃப்ளோட் ஊசி ஒட்டிப் பெட்ரோல் வழிகிறது. வழிவது ஆபத்து: இந்த எஞ்சினில் கார்புரேட்டருக்கு நேர் கீழே சைலன்சர் மேனிஃபோல்ட். பவுடர் தீயணைப்பான் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கட்டும்.

சோதனைக்குக் கேன் சரி, ஆனால் டேங்கை இறக்கித் துரு எடுக்காமல் ஓட்டாதீர்கள். பழைய பெட்ரோலை வடிகாலில் ஊற்றவே கூடாது. இங்கே மழைநீர் நீர்த்தேக்கத்துக்குப் போகிறது. உரிமம் பெற்ற கழிவு சேகரிப்பாளரிடம் கொடுங்கள்.

பிளக்குக்கு மின்பொறி தரும் டிஸ்ட்ரிபியூட்டரில் பாயிண்டும் கண்டென்சரும் புதிது போடுங்கள். பாயிண்ட் இடைவெளி 0.38 மிமீ, பிளக் 0.64 மிமீ, எரியும் வரிசை 1-3-4-2. பிளக் மாட்டாமலேயே பத்துப் பத்து வினாடியாக ஸ்டார்ட்டரைச் சுற்றி, எண்ணெய் விளக்கு அணைந்த பிறகே பிளக் மாட்டிக் கிளப்புங்கள்.

டேப்பெட் (வால்வு இடைவெளி) 0.30 மிமீ, எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது. இங்கே ஈயம் கலந்த பெட்ரோல் 1998-இல் நின்றுவிட்டது; ஈயமில்லாத பெட்ரோலில் பழைய ஹெட்டின் வால்வு இருக்கை தேய்ந்தால் எக்ஸாஸ்ட் பக்க இடைவெளி தானாகக் குறைந்துகொண்டே வரும். கொஞ்சம் ஓடியபின் மறுபடி அளந்து பாருங்கள்.

ட்ரம் பிரேக்
எஞ்சின் ஓடிவிட்டது என்ற உற்சாகத்தில் கேட்டைத் தாண்டிவிடாதீர்கள். பெடல் தரைக்குப் போகிறது என்றால் பிரேக் முழுவதையும் பிரிக்க வேண்டும். முன் சக்கரம் ஒவ்வொன்றிலும் இரண்டு, பின்னால் ஒவ்வொன்று, ஆக ஆறு வீல் சிலிண்டர், மூன்று ரப்பர் ஹோஸ். பழைய சிலிண்டரைத் தேய்த்து ரப்பர் மட்டும் மாற்றும் சிக்கனம் வேண்டாம்; உள்ளே துருக்குழி இருந்தால் புது ரப்பரைத் தின்றுவிடும். மாஸ்டர் சிலிண்டர் ஓட்டுநர் காலடியில் சேஸிஸுக்குள் ஒளிந்திருக்கும். அதன் போல்ட்டை டார்ஷன் பார் (முன் சஸ்பென்ஷன் கம்பி) மறித்து நிற்பதால் பொறுமை வேண்டும். டாட் 4 திரவம் ஒரு லிட்டர் வாங்குங்கள். பிரேக் குழாயில் உள்ள காற்றை இடது பின், வலது பின், இடது முன், வலது முன் என்ற வரிசையில் எடுங்கள்.

டயரில் பூ எவ்வளவு இருந்தாலும் பக்கச் சுவரில் வெடிப்பு இருந்தால் மாற்றுங்கள்.

சிவப்புப் பலகை
சாலை வரியும் காப்புறுதியும் நடப்பில் இல்லாமல் பொதுச் சாலையில் சோதனை ஓட்டம் கூடாது. தெருமுனை வரைக்கும் என்றாலும் கூடாது. பழைய கார்களுக்கான கிளாசிக் திட்டத்தில் உள்ள வண்டி என்றால், ஆண்டுக்கு 45 நாள்தான் சாலையில் ஓட்டலாம் என்ற கணக்கும் உண்டு.

இன்னொன்று: கிளட்ச்சை மிதித்தும் எஞ்சின் ஓடும்போது கியர் விழாமல் உறுமினால் கேபிளைத் தேடாதீர்கள். மைனரில் கம்பி இணைப்புதான், கிளட்ச் தட்டு ஃப்ளைவீலோடு துருவால் ஒட்டியிருக்கும். எஞ்சினை நிறுத்தி, பெடலை மிதித்தபடி சீட்டுக்கும் பெடலுக்கும் நடுவே ஒரு மரக்கட்டையை முட்டுக்கொடுத்து சில நாள் விடுங்கள். பிறகு நாலாவது கியரில் வண்டியை ஆட்டினால் பெரும்பாலும் பிரிந்துவிடும்.