மறு: ஆஃப்செட், டிரிஃப்ட், ஜிட்டர் மூன்றுக்கும் ‘நேர வழுவல்’ போதுமா?

நண்பர்களுக்கு வணக்கம்.

கணினிக் கடிகாரங்களைப் பிணையம் வழியாகச் சர்வரின் நேரத்தோடு ஒத்திசைக்கும் என்டிபி நெறிமுறையின் கையேட்டைத் தமிழாக்குவதற்காக இந்த இழையில் வந்த பரிந்துரைகள் எல்லாவற்றையும் படித்தேன். ‘நேர வழுவல்’ காதுக்கு இனிய சொல்தான். ஆனால் ஆஃப்செட் (சர்வர் கடிகாரத்திலிருந்து நம் கடிகாரம் தள்ளியிருக்கும் அளவு), டிரிஃப்ட் (கடிகாரம் ஓடும் வேகத்தில் உள்ள பிழை), ஜிட்டர் (அளவீடுகளின் ஏற்ற இறக்கம்) என்ற மூன்று வெவ்வேறு சங்கதிகளுக்கும் அதையே வைப்பதை என்னால் ஏற்க முடியவில்லை. இணைப்பு நன்றாக இருக்கும் இடத்தில் யாருக்கும் பெரிய சிக்கல் வராது. விட்டுவிட்டு வரும் இணைப்பில், கடிகாரம் ஏன் ஒத்திசைய மறுக்கிறது என்று பதிவேடுகளைப் புரட்டிக்கொண்டிருப்பவருக்கு இவை மூன்று தனித்தனிக் கோளாறுகள். ஒன்றுக்குச் செய்ய வேண்டியதை இன்னொன்றுக்குச் செய்தால் நிலைமை மோசமாகும். என்டிபியை உருவாக்கிய டேவிட் மில்ஸ் 1985-இல் எழுதிய ஆர்எஃப்சி 958 என்ற நெறிமுறை ஆவணத்திலேயே டிரிஃப்டுக்கு என்று செய்தியில் தனிப் புலம் ஒதுக்கியிருந்தார்.

டிரிஃப்டுக்குச் சொல் தேடி எங்கும் போக வேண்டியதில்லை. கடிகாரம் ஓடுகிறது, முந்துகிறது, பிந்துகிறது என்றுதான் நாம் எல்லோரும் பேசுகிறோம். கணினிக்குள் இருக்கும் குவார்ட்ஸ் படிகம் குறித்த வேகத்தில் துடிக்காமல் ஒரு மயிரிழை கூடவோ குறையவோ துடிக்கிறது. வெப்பநிலை மாறினால் அந்த அளவும் மாறும். பிழை ஓட்டத்தில் இருப்பதால் ‘ஓட்டப்பிழை’ என்கிறேன். பத்து லட்சத்தில் 50 பங்கு ஓட்டப்பிழை இருந்தால் நாளொன்றுக்கு 4.32 வினாடி முந்தும் அல்லது பிந்தும். இது பிணையத்தால் வருவதில்லை. கேபிளைப் பிடுங்கி வைத்தாலும் இருக்கும். அதனால்தான் இணைப்பு அடிக்கடி அறுந்துபோகும் இடங்களில் டிரிஃப்ட் கோப்பு அவ்வளவு முக்கியம்: சர்வர் எட்டாத நேரத்தில், முன்பு அளந்து வைத்த ஓட்டப்பிழையைக் கழித்துக்கொண்டு கடிகாரம் தானாகவே தாக்குப்பிடிக்கிறது. அந்த நிலைக்குத் ‘தன்னோட்டம்’ என்று ஒருவர் முன்மொழிந்திருந்தார். அருமையான சொல், அப்படியே எடுத்துக்கொள்வோம்.

ஆஃப்செட்டுக்கு ‘விலக்கம்’ என்று இருவர் எழுதியிருந்தார்கள். பள்ளிப் புத்தகத்தில் ‘திட்ட விலக்கம்’ ஏற்கெனவே வேறு பொருளில் இருக்கிறது. குரோனி என்ற என்டிபி மென்பொருள் காட்டும் ‘சோர்ஸ்ஸ்டாட்ஸ்’ அட்டவணையில் ஆஃப்செட்டும் திட்ட விலக்கமும் பக்கத்துப் பக்கத்துப் பத்திகளாகவே வரும். படிப்பவர் குழம்பாமல் என்ன செய்வார்? ‘நேரப்பிழை’ என்ற பரிந்துரை ஓட்டப்பிழையோடு அழகாக இணை சேர்கிறது, ஆனாலும் அதை எதிர்க்கிறேன். ஆஃப்செட் என்பது கணக்குப் போட்டுக் கிடைத்த மதிப்பீடு. அதற்குப் பிழை என்று பெயர் வைத்தால், நம் கடிகாரம் உண்மையிலேயே அவ்வளவு தவறாக ஓடுகிறது என்று அந்தப் பெயரே நம்பவைத்துவிடும். என் பரிந்துரை ‘கடிகார வேறுபாடு’. ‘நேர வேறுபாடு’ என்றால் நாடுகளுக்கு இடையிலான நேர வித்தியாசம்தான் நினைவுக்கு வரும்.

இந்த வேறுபாடு எப்படிப் பொய் சொல்லும் என்பதுதான் முழு விவாதத்துக்கும் அடிப்படை. ஒரு கேள்வி போய்த் திரும்புவதற்குள் நான்கு நேரமுத்திரைகள் பதிவாகின்றன: நாம் அனுப்பியது, சர்வர் பெற்றது, சர்வர் அனுப்பியது, நாம் பெற்றது. போகும் தாமதமும் வரும் தாமதமும் சமம் என்று வைத்துக்கொண்டுதான் என்டிபி கடிகார வேறுபாட்டைக் கணக்கிடுகிறது. இப்போது, இரண்டு கடிகாரங்களும் மிகச் சரியாக இருப்பதாகக் கொள்ளுங்கள். யாரோ பெரிய கோப்பு ஒன்றைப் பதிவேற்றுகிறார். வெளியே போகும் வழி அடைத்துக்கொள்கிறது. போக 440 மில்லிவினாடி, வர 40. கணக்கு என்ன சொல்லும்? 440-இலிருந்து 40-ஐக் கழித்துப் பாதியாக்கினால் 200. நம் கடிகாரம் 200 மில்லிவினாடி பின்தங்கியிருப்பதாக விடை வருகிறது. சரியாக ஓடும் கடிகாரத்தை இனி மென்பொருளே கெடுக்கும். பதிவேற்றம் முடிந்ததும் மறுபக்கம் 200 காட்டும், மறுபடி திருத்தும். அந்த நான்கு எண்களை மட்டும் வைத்துக்கொண்டு இந்தத் தவறைக் கண்டுபிடிக்க வழியே கிடையாது. மொத்தத் தாமதத்தில் பாதிக்கு மேல், அதாவது இங்கே 240 மில்லிவினாடிக்கு மேல், தவறு போகாது என்ற உறுதி மட்டும்தான் உண்டு.

போக, வர ஆகும் தாமதங்கள் இப்படிச் சமமில்லாமல் போவதற்குப் பரிந்துரையாக வந்த ‘ஒருவழித் தாமதம்’ பொருந்தாது. ஒரு திசையில் ஆகும் தாமதத்துக்கு அந்தப் பெயர் தேவைப்படும். இரு திசைகளும் சமமில்லை என்பதே இங்கே செய்தி, ஆகவே ‘வழிச்சமமின்மை’.

ஜிட்டர் இதிலிருந்து வேறு. அடுத்தடுத்த அளவீடுகள் ஒன்றோடொன்று ஒத்துப்போகாமல் ஏறி இறங்குவது ஜிட்டர், ‘நடுக்கம்’ போதும். நடுக்கம் கூடுதலாக இருந்தும் சராசரி சரியாக இருக்கலாம். நடுக்கமே இல்லாமல், வழிச்சமமின்மையால் எல்லா அளவீடும் ஒரே மாதிரித் தவறாகவும் இருக்கலாம். இரண்டாவதே ஆபத்து, ஏனென்றால் அட்டவணை பார்ப்பதற்கு ஆரோக்கியமாக இருக்கும். நடுக்கத்தைச் சமாளிக்க என்டிபி கடைசி எட்டு அளவீடுகளில் தாமதம் மிகக் குறைந்ததைத் தேர்ந்தெடுக்கிறது. 64 வினாடிக்கு ஒருமுறை கேட்டால் எட்டு அளவீடு என்பது சுமார் எட்டரை நிமிடம். அதற்குள் நெரிசல் தீர்ந்தால் தப்பித்தோம். அதைத் தாண்டியும் பதிவேற்றம் நீண்டால் எட்டுமே கெட்டவைதான். கேட்கும் இடைவெளியைக் குறைத்தால் சரியாகும் என்று நினைப்பவர்கள் இதையும் பார்க்க வேண்டும்: இடைவெளி குறையக் குறைய அந்த எட்டும் இன்னும் சீக்கிரம் கெட்டவற்றால் நிரம்பிவிடும்.

இனி, கடிகாரத்தைத் திருத்தும் இரு முறைகளான ஸ்டெப், ஸ்லூ. நான் மிகவும் யோசித்தது இந்த இரண்டைப் பற்றித்தான். ஸ்டெப்புக்குத் ‘தாவல்’ என்பதை யாரும் மறுக்கவில்லை. என்டிபிடி என்ற என்டிபி மென்பொருள் வழக்கமாக 128 மில்லிவினாடிக்கு மேல் வேறுபாடு கண்டு அது நீடித்தால் கடிகாரத்தைத் தாவவைக்கும். மேலே சொன்ன 200 அந்த எல்லையைத் தாண்டிவிட்டதைக் கவனியுங்கள். பின்னோக்கித் தாவினால் பதிவேட்டில் விளைவு காரணத்துக்கு முன்னால் வந்து நிற்கும். ஸ்லூவில் அப்படி நடக்காது. ஓட்டத்தைக் கொஞ்சம் கூட்டியோ குறைத்தோ வேறுபாட்டை மெல்லக் கரைப்பார்கள். என்டிபிடியில் அதன் உச்ச வேகம் பத்து லட்சத்தில் 500 பங்கு, எனவே ஒரு வினாடியைச் சரிசெய்ய 2000 வினாடி ஆகும். இதற்கு ‘இழைத்தல்’ என்ற சொல்லை முன்வைக்கிறேன். தச்சர் பலகையைச் சீவல் சீவலாக இழைப்பது போலத்தான் இது நடக்கிறது. இழையில் ஒருவர் கேட்டிருந்தது:

> இழைத்தால் பலகை குறையத்தானே செய்யும்? பிந்திய கடிகாரத்தை முன்னே கொண்டுவருவதற்கு எப்படிப் பொருந்தும்?

நியாயமான கேள்வி. இங்கே இழைபடுவது நேரம் அல்ல, வேறுபாடு. முந்தினாலும் பிந்தினாலும் குறைந்துகொண்டே போவது அதுதான். தவிர, ‘மெதுவான நேரத் திருத்தம்’ போன்ற தொடரைக் கட்டளைக் குறிப்பில் வினையாகப் பயன்படுத்த முடியாது. ‘இழை’, ‘தாவு’ இரண்டும் வினையாகவும் நிற்கும். குரோனியின் ‘மேக்ஸ்டெப் 1.0 3’ அமைப்பை இப்படி எழுதலாம்: முதல் மூன்று திருத்தங்களுக்குள் வேறுபாடு ஒரு வினாடியைத் தாண்டினால் தாவு, மற்றபடி எப்போதும் இழை. நிலையில்லாத இணைப்புக்கு ஏற்ற அமைப்பும் இதுவே. தொடங்கும்போது தாவினால் பெரிய சேதமில்லை. நடுவில், ஒரு பதிவேற்றத்தை நம்பித் தாவுவதுதான் சேதம்.

கடைசியாக, ட்ரூசைமருக்கும் (சரியான நேரம் சொல்லும் சர்வர்) ஃபால்ஸ்டிக்கருக்கும் (தவறான நேரம் சொல்லும் சர்வர்) ‘மெய்க்கடிகாரம்’, ‘பொய்க்கடிகாரம்’ என்று வந்திருப்பவை எனக்குப் பிடித்திருக்கின்றன. ஒரு பொய்க்கடிகாரத்தை ஒதுக்கக் குறைந்தது மூன்று சர்வர்கள் வேண்டும், நான்கு இருந்தால் நல்லது என்று கையேட்டில் வரும் இடத்தில் ஒரு குறிப்புச் சேர்க்க விரும்புகிறேன். நான்கும் நம்முடைய அதே நெரிசலான இணைப்பு வழியாகத்தான் எட்டப்படுகின்றன என்றால், வழிச்சமமின்மை நான்கையும் ஒரே பக்கம் தள்ளும். நான்கும் ஒத்துப்போகும், எல்லாம் மெய்க்கடிகாரமாகவே தெரியும். அந்த இடத்தில் சர்வர்களைக் கூட்டுவதில் பயனில்லை. பதிவேற்றத்துக்கு வேக வரம்பு வைக்க வேண்டும், அல்லது ரவுட்டரில் என்டிபி பொதிகளுக்கு முன்னுரிமை தர வேண்டும்.

டிஸ்பெர்ஷனுக்கு மட்டும் எனக்கு இன்னும் சொல் அமையவில்லை. ‘சிதறல்’ என்றால் நடுக்கத்தோடு கலந்துவிடுகிறது. கடைசி அளவீட்டுக்குப் பிறகு நேரம் ஆக ஆகத் தானே வளரும் ஐயத்தின் அளவு அது. அந்த வளர்ச்சி தெரியும்படியான சொல் யாருக்காவது தோன்றினால் எழுதுங்கள். அதுவரை அந்த வரிகளை மொழிபெயர்க்காமல் வைத்திருக்கிறேன்.