கிணத்துத் தண்ணி உள்ள வீட்டில கடையில விக்கிற கழுவுற மருந்துப் போத்தல் இல்லாமல் சமாளிக்கலாமோ?

பரந்தன் பிள்ளை:
வணக்கம். மகன் தவழத் தொடங்கிட்டான், மொப் பண்ணின ஈரம் காயமுன்னம் நிலத்தில கையை வச்சு வாய்க்க கொண்டு போறான், என்ர மனுசனுக்கும் டொய்லெட் கழுவுற மருந்து மணத்துக்கு மூச்சிழுப்பு வந்திடும். ஒவ்வொண்டுக்கும் ஒவ்வொரு போத்தல் வாங்கக் கட்டுப்படியும் ஆகுதில்லை. யூடியூப்பில எல்லாரும் வினாகிரியையும் அப்பச்சோடாவையும் கலந்து நுரைக்கப் பண்ணிக் காட்டுகினம், உண்மையா வேலை செய்யுமோ? எங்கட கிணத்தில கல்சியம் கூட, பைப், கேத்தில், டைல் எல்லாம் வெள்ளையாப் பிடிச்சுக் கிடக்கு.

ஒட்டுசுட்டான் அக்கா:
தங்கச்சி, நுரையைப் பாத்து ஏமாறாதேங்கோ. வினாகிரி புளி, அப்பச்சோடா காரம், ரெண்டையும் கலந்தா ஒண்டை ஒண்டு முறிச்சுப் போட்டு ஒருமாதிரி உப்புத் தண்ணிதான் மிஞ்சும். தனித்தனியாப் பாவியுங்கோ. அந்த வெள்ளை சுண்ணாம்புப் படிவு, அதுக்குப் புளிதான் சரி. பழைய துணியை வினாகிரியில நனைச்சு பைப் வாயைச் சுத்திக் கட்டி அரை மணித்தியாலம் விட்டிட்டு பல்லுத் தீட்டுற பிரஷ்ஷால உரஞ்சினா பொருக்குப் பொருக்கா உதிரும். கேத்திலுக்கு வினாகிரியும் தண்ணியும் சரிக்குச் சரி விட்டுக் கொதிக்க வச்சு ஆறவிட்டு ஊத்துங்கோ, பிறகு வெறுந்தண்ணியும் கொதிக்க வச்சு ஊத்தோணும் இல்லாட்டி தேத்தண்ணி புளிக்கும். எண்ணெய்ப் பிசுக்குக்கு காரம், அடுப்படியில அப்பச்சோடாவைக் குழைச்சுப் பூசி விட்டுத் துடையுங்கோ. சில்வர் பானைக்கு அரிச்ச விறகுச் சாம்பலும் தேங்காய்ப் பொச்சும் போதும், எங்கட அம்மம்மா வேற ஒண்டும் தொட்டதில்லை. அலுமினியச் சட்டிக்கு மட்டும் சாம்பலும் வேண்டாம் சோடாவும் வேண்டாம், கறுத்துப் போகும். குத்துவிளக்குக்கு பழப்புளிக்கு மிஞ்சி ஒண்டுமில்லை.

மேசன் வவுனியா:
அக்கா சொன்னது சரி, ஆனா சிவப்புச் சீமெந்து நிலத்தில வினாகிரி, தேசிக்காய் ஒண்டும் ஊத்தவேண்டாம். சீமெந்துக்கயும் சுண்ணாம்புதானே, மேற்பூச்சை அரிச்சு சொரசொரப்பாக்கிப் போடும், பிறகு ஊத்தை இன்னும் கூடப் பிடிக்கும். டைல் இடுக்கில நிரப்பின சீமெந்தும் அப்பிடித்தான், முதல்ல பச்சைத் தண்ணியால நனைச்சிட்டு வினாகிரி போட்டு, கனநேரம் விடாமல் கழுவுங்கோ. குழந்தை தவழுற நிலத்துக்கு சவர்க்காரத் தண்ணி காணும். உங்கட கல்சியம் கூடின கிணத்துத் தண்ணியில சவர்க்காரம் லேசில நுரைக்காது, ஆடைமாதிரி ஒட்டும், மாரியில கூரைப் பீலியால வழியிற மழைத் தண்ணி பிடிச்சு வச்சா அந்தக் கரைச்சல் இல்லை.

கிளிநொச்சித் தம்பி:
ஒரு விசயம் ஒருத்தரும் சொல்லேல்லை. வினாகிரி ஊத்தையை எடுக்கும், கிருமிக்கு அதை நம்பேலாது. வீட்டில ஆருக்கும் வயித்தோட்டம் எண்டாலோ வெள்ளம் கிணத்துக்க இறங்கினாலோ குளோரின்தான் வேணும். ஆனா குளோரினோட வினாகிரி, தேசிக்காய்ப் புளி, டொய்லெட் அசிட் எதுவும் சேரப்படாது, குளோரின் வாயு கிளம்பும், இழுப்பு உள்ள ஆக்கள் தாங்கமாட்டினம். பரந்தன் ஆக்களுக்கு நான் குளோரினைப் பற்றிச் சொல்லுறதே 😄 ஆனையிறவு உப்பில கோஸ்டிக் சோடாவும் குளோரினும் செய்த கெமிக்கல் தொழிற்சாலை உங்கட ஊரிலதானே இருந்தது. மற்றது, தேசிக்காய் உரஞ்சின கையோட வெயிலுக்க போகாதேங்கோ, தோல் எரிஞ்சு கொப்பளிக்கும். இயற்கைச் சாமான்தான், ஆனா அதுக்கும் குணம் இருக்கு.

பரந்தன் பிள்ளை:
எல்லாருக்கும் நன்றி. எந்த வினாகிரி வாங்குறது, தென்னை வினாகிரியோ? டொய்லெட் கொமட்டுக்கும் அதே போதுமோ?

ஒட்டுசுட்டான் அக்கா:
தென்னை வினாகிரியை ஊறுகாய்க்கு வையுங்கோ, கழுவுறதுக்கு நிறமில்லாத மலிவான செயற்கை வினாகிரி காணும். கொமட்டுக்க இரவில ஊத்தி விட்டிட்டு காலமை உரஞ்சுங்கோ. கன வருசப் படிவு எண்டா வினாகிரிக்கு மசியாது, இவர் வீட்டில இல்லாத நேரமாப் பாத்து கதவு யன்னல் எல்லாம் திறந்து விட்டிட்டு ஒருக்கா கடை மருந்தையே போட்டு எடுங்கோ, அதுக்குப் பிறகு கிழமைக்கு ஒருக்கா வினாகிரி விட்டாலே திரும்பப் பிடிக்காது.