சந்தேகம்: மண்ணில் ஓட்டிய பொக்லைன் மாடல், மேல்பாகம் சுற்றும்போது இழுக்கிறது, இடது செயின் கழன்றுகொண்டே இருக்கிறது

குழிதோண்டி:
வணக்கம். என்னிடம் 1:14 அளவில் ஒரு ரிமோட் பொக்லைன் இருக்கிறது. ஹைட்ராலிக் இல்லை, பூம் (பெரிய கை), ஆர்ம் (முன்கை), பக்கெட் மூன்றையும் மோட்டாரும் திருகுத்தண்டும் வைத்துத் தூக்குகிற வகை. வாங்கி ஒரு மாதம் வீட்டுக்குள் தரையில் ஓட்டினேன், அப்புறம் ஆசை தாங்காமல் பின்பக்கம் மண்ணில் இறக்கிவிட்டேன். பத்து நாள் ஜோராக ஓடியது. இப்போது மூன்று தொல்லை.

மேல்பாகத்தைச் சுற்றினால் கர்ர் என்று சத்தம் வருகிறது, ஓரிடத்தில் வந்ததும் திணறி நின்று, பிறகு ஒரு உதறலோடு தாண்டுகிறது. இடது செயின் திரும்பும்போதெல்லாம் கழன்று விழுகிறது, வலது பக்கம் ஒருமுறைகூட விழவில்லை. மூன்றாவது, இது கோளாறா இல்லையா என்றே தெரியவில்லை: பக்கெட் மண்ணுக்குள் இறங்காமல் வண்டியின் பின்பக்கம்தான் மேலே தூக்குகிறது.

"பொம்மையை மண்ணில் போட்டால் அப்படித்தான் ஆகும்" என்று மட்டும் யாரும் சொல்லிவிடாதீர்கள். அதை வீட்டில் தினமும் கேட்கிறேன்.

பழைய_டிப்பர்:
முதலில் ஒன்று, மேல்பாகத்தைக் கையால் பிடித்துத் திருப்பிப் பார்க்காதீர்கள். உள்ளே கியர்பாக்ஸ் இருக்கிறது, வெளியிலிருந்து திருப்பினால் பல் போய்விடும். இரண்டு விஷயம் சொல்லுங்கள். எப்போதும் ஒரே இடத்தில்தான் திணறுகிறதா, இல்லை இடம் மாறுகிறதா? சத்தம் வந்த பிறகு அதில் எதையாவது ஊற்றினீர்களா?

குழிதோண்டி:
கீழ்ச்சட்டத்தில் சாக்பீஸால் கோடு போட்டுப் பார்த்தேன். ஒரே இடம்தான், முன்பக்கத்திலிருந்து வலப்புறமாகக் கொஞ்சம் தள்ளி. கர்ர் சத்தம் மட்டும் சுற்று முழுக்க இருக்கிறது. ஊற்றியது... தையல் மிஷின் எண்ணெய் விட்டேன். ஒரு நாள் நன்றாக இருந்தது, மறுநாள் முன்னைவிட மோசம். செயினையும் கழலாமல் இருக்கட்டும் என்று நன்றாக இறுக்கி வைத்தேன், இன்னும் அதிகமாகக் கழல்கிறது.

பல்சக்கரம்:
எண்ணெயோடு மணல் சேர்ந்தால் அது எண்ணெய் இல்லை நண்பரே, சாணைக் களிம்பு. மணலில் பெரும்பகுதி குவார்ட்ஸ், கடினத்தைக் குறிக்கிற மோஸ் அளவில் அது 7. பித்தளை 3 பக்கம்தான் வரும். உங்கள் பினியன், அதாவது பெரிய கியரோடு பல் கோக்கிற சின்னக் கியர், பித்தளை என்றால் நீங்கள் எண்ணெய் விட்ட அந்த ஒரு நாளும் அது உட்கார்ந்து தேய்ந்திருக்கிறது.

மேல்பாகத்தின் ஸ்க்ரூக்களைக் கழற்றித் தூக்குங்கள், ஒயரை இழுத்துவிடாமல். நீளமான ஸ்க்ரூ எது, குட்டை எது என்று ஒரு அட்டையில் படம் போட்டுக் குத்தி வையுங்கள், இதைச் செய்யாமல் நான் ஒரு வண்டியின் கேபினையே துளைத்திருக்கிறேன். பெரிய வளையக் கியரைப் பழைய டூத் பிரஷால் பல் பல்லாகத் தேய்த்து எடுங்கள். எண்ணெய்ப் பிசுக்குக்கு ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலைத் துணியில் தொட்டுத் துடைத்தால் போதும். தின்னர் பக்கமே போகவேண்டாம், பிளாஸ்டிக்கை அரித்துவிடும். காற்று அடிக்கிற டப்பா இருந்தால் உள்ளிருந்து வெளிப்பக்கமாக அடியுங்கள், எல்லாரும் வெளியிலிருந்து பேரிங்கைப் பார்த்து அடிப்பார்கள், பேரிங்குக்குள் மணலை அனுப்புவதற்கு அதைவிட நல்ல வழி கிடையாது.

திரும்பப் பூட்டும்போது திறந்து கிடக்கும் கியருக்கு எண்ணெயும் வேண்டாம், கிரீஸும் வேண்டாம். காய்ந்து படலமாக நிற்கிற டெஃப்ளான் ஸ்ப்ரே இருந்தால் லேசாக அடியுங்கள், இல்லாவிட்டால் சும்மாவே விடுங்கள். கிராஃபைட் தூளைச் சிலர் சொல்வார்கள், அது மின்சாரத்தைக் கடத்தும், ரிசீவர் போர்டு பக்கத்தில் இருக்கிற வண்டியில் நான் தொடமாட்டேன். மூடிய கியர்பாக்ஸுக்குள் மட்டும் கிரீஸ் இருக்கலாம்.

செயின்_ஓட்டி:
நான் நிஜ வண்டி ஓட்டுகிறவன், மாடல் வைத்திருப்பது மகனுக்காக என்று வெளியில் சொல்லிக்கொள்கிறேன். உங்கள் இடது செயின் கதையைப் படித்ததும் சிரிப்பு வந்துவிட்டது. லாரியை எந்தப் பக்கம் நிறுத்திக் கொட்டுகிறீர்கள்? இடப்பக்கம்தானே? பொக்லைனில் கேபின் இடது ஓரம், அதனால் பார்வைக்குத் தோதாக நாங்களும் இடப்பக்கம் சுற்றித்தான் லோடு போடுவோம். பக்கெட்டிலிருந்து சிந்துகிற மண் முழுக்க இடது செயின்மேல்தான் விழும். அது செயினை இழுக்கிற பல்சக்கரமான ஸ்ப்ராக்கெட்டின் பல்லுக்கு நடுவே போய் அமுங்கி அமுங்கிக் கெட்டியாகும், பல்லின் பள்ளம் நிரம்பினால் ஸ்ப்ராக்கெட்டே பெரிதானது மாதிரி, செயின் அதன்மேல் ஏறி நிற்கும், இறுகும், எந்தப் பக்கம் கொஞ்சம் இடம் கிடைக்கிறதோ அந்தப் பக்கம் கழலும்.

ஆகவே இறுக்கியது தப்பு. சேற்றில் வேலை என்றால் நாங்கள் செயினைத் தளர்த்தித்தான் ஓட்டுவோம், மண் வெளியே தள்ளப்பட இடம் வேண்டுமே. வண்டியை ஒரு கட்டைமேல் வைத்து செயின் தரையில் படாமல் தொங்கவிட்டுப் பாருங்கள், நடுவில் ஒரு பென்சில் தடிமனுக்குத் தொய்வு இருந்தால் எனக்குத் திருப்தி. அப்புறம் நின்ற இடத்திலேயே ஒரு செயினை முன்னும் மற்றதைப் பின்னும் ஓட்டிச் சுழற்றுவதை விடுங்கள். பொலபொல மண்ணில் அப்படிச் சுழன்றால் பக்கவாட்டில் மண் குவிந்து செயினை எதிர்முனையில் இருக்கிற ஐட்லர் சக்கரத்திலிருந்து நெம்பும். கொஞ்சம் முன்னே, கொஞ்சம் பின்னே, வளைந்து வளைந்து திருப்புங்கள். தோண்டும்போது ஸ்ப்ராக்கெட் பின்பக்கம் இருக்கட்டும். வேலை முடிந்ததும் ஈரம் காய்வதற்குள் ஒரு ஐஸ்குச்சியால் ஸ்ப்ராக்கெட் பள்ளங்களைச் சுரண்டிவிடுங்கள், காய்ந்தபின் உளி தேவைப்படும்.

எண்ணெய்க்கை:
பேசாமல் ஹைட்ராலிக்குக்கு மாறிவிடுங்கள், இந்தத் தலைவலி எதுவும் இருக்காது.

பல்சக்கரம்:
இருக்காதா? சிலிண்டர் தண்டில் ஒட்டிய ஒரு மணல் சீலைக் கீறினால் எண்ணெய் சொட்டும், எண்ணெய்க்குள் போனால் பம்பும் வால்வும் சேர்ந்து போகும். தலைவலி அதேதான், விலை மட்டும் வேறு. அவர் கேட்டதற்குப் பதில் சொல்வோம்.

பழைய_டிப்பர்:
பக்கெட் இறங்காததற்கு வருகிறேன், எனக்கு இதுதான் பிடித்த பகுதி. நீளம் 14-ல் ஒரு பங்கு என்றால் எடை 14-ல் ஒரு பங்கு இல்லை, 14×14×14, அதாவது 2744-ல் ஒரு பங்கு. 20 டன் வண்டி சரியான அளவுக்குச் சுருங்கினால் சுமார் 7.3 கிலோ இருக்கவேண்டும். உங்களுடையது எவ்வளவு? நிறுத்துப் பாருங்கள், பாதிகூட இருக்காது என்று நினைக்கிறேன். பின்பக்கம் தூக்குவதற்கு முதல் காரணம் அது.

இரண்டாவது காரணம் மண். வண்டியைச் சுருக்கினோம், மண்ணை யார் சுருக்கினார்கள்? ஈரமண்ணில் துகள்கள் ஒன்றையொன்று பிடித்திருக்கிற பிடிப்பு ஒரு சதுர சென்டிமீட்டருக்கு எவ்வளவோ அவ்வளவுதான், நிஜ வண்டி வந்தாலும் மாடல் வந்தாலும் அது மாறாது. ஆனால் நம் குழி ஆழம் 14 மடங்கு குறைவு, மண்ணின் பாரமும் அந்த அளவு குறைவு. அதனால் உங்கள் பொக்லைனின் கண்ணுக்கு அந்தப் பிடிப்பு 14 மடங்கு கெட்டி. மாடல் வெட்டிய 15 செ.மீ. குழியின் சுவர் சரியாமல் செங்குத்தாக நிற்பதைப் பார்த்திருப்பீர்களே, நிஜ அளவில் அது 2.1 மீட்டர், அத்தனை ஆழத்தில் இப்படிச் செங்குத்தாக வெட்டிவிட்டு உள்ளே இறங்க எந்த மேஸ்திரியும் ஆளை விடமாட்டார். கல்லும் அப்படித்தான், 3 மி.மீ. மணல் துகள் நம் பக்கெட்டுக்கு 42 மி.மீ. ஜல்லி.

அதனால் மண்ணைத்தான் தயார் செய்யவேண்டும். காயவைத்து, கட்டி உடைத்து, நெருக்கமான சல்லடையில் சலியுங்கள். தண்ணீர் தெளிப்பது கையில் பிடித்தால் உருண்டையாகி, விரலால் தட்டினால் உதிர்கிற பதம் வரைக்கும்தான். களிமண் அதிகமாக இருந்தால் பாதிக்குப் பாதி சலித்த மணல் சேருங்கள். ஓட்டும்போது பக்கெட்டை நேராகக் குத்தாமல் மெல்லிய சீவலாக இழுத்து எடுங்கள். பின்பக்க எடைக்கட்டிக்குள் இடம் இருந்தால் இரும்புத் தகடு வைக்கலாம், ஆனால் அந்தப் பாரம் முழுக்கச் சுற்றுகிற பேரிங்கில்தான் உட்காரும், இப்போதைக்கு அதைச் செய்யவேண்டாம்.

குழிதோண்டி:
மூன்று நாள் கழித்து வருகிறேன். பிரித்தேன். வளையக் கியரில் இரண்டு பல்லுக்கு நடுவே வெண்மையாக ஒரு மணல் துகள், எண்ணெயோடு சேர்ந்து அறைந்து வைத்தது மாதிரி உட்கார்ந்திருந்தது. ஊசியால் நெம்பித்தான் வந்தது. சாக்பீஸ் கோட்டுக்கு நேராக இருந்த இடம் அதுதான். இப்போது திணறல் போச்சு. செயினைத் தளர்த்தினேன், லாரியை வலப்பக்கம் மாற்றி நிறுத்தினேன், ஒருமுறைகூடக் கழலவில்லை. எடை 3.1 கிலோ. சலித்த மண்ணில் பக்கெட் வெண்ணெயில் இறங்குவதுபோல் இறங்குகிறது.

ஆனால் கர்ர் சத்தம் அப்படியே இருக்கிறது. சுற்று முழுக்க. ஐந்து நிமிடத்தில் அந்த மோட்டாரைத் தொடமுடியவில்லை, அவ்வளவு சூடு. போர்டு போய்விட்டதா?

பல்சக்கரம்:
போர்டா மோட்டாரா என்பதை இரண்டு நிமிடத்தில் கண்டுபிடிக்கலாம். மேல்பாகத்தைச் சுற்றுகிற ஸ்விங் மோட்டாரின் பிளக்கும் பூம் மோட்டாரின் பிளக்கும் ஒரே மாதிரி இருந்தால், பேட்டரியைக் கழற்றிவிட்டு இரண்டையும் மாற்றிச் செருகுங்கள். இப்போது பூம் குச்சியை அசைத்தால் மேல்பாகம் சுற்றும், ஸ்விங் குச்சிக்குப் பூம் ஏறி இறங்கும், அதனால் பூமைப் பாதி உயரத்தில் வைத்துவிட்டு மெல்லத் தொடுங்கள், முட்டிக்கொண்டு நின்றால் வேறு செலவு. சத்தம் பூமுக்குப் போனால் போர்டு. மேல்பாகத்திலேயே இருந்தால் மோட்டார் அல்லது அதன் கியர்பாக்ஸ்.

குழிதோண்டி:
மேல்பாகத்திலேயே இருக்கிறது. கியர்பாக்ஸிலிருந்து பிரித்து மோட்டாரை மட்டும் தனியாக ஓட்டினேன், அப்போதும் கர்ர்.

செயின்_ஓட்டி:
மோட்டார் டப்பாவின் முதுகில் காற்றுக்காக ஓட்டைகள் இருக்கும், பாருங்கள். இனி ஒரு வேலை செய்யுங்கள். ஒரு காந்தத்தைப் பிளாஸ்டிக் பையில் போட்டு, நீங்கள் விளையாடுகிற மண்ணின்மேல் அப்படியே தடவுங்கள்.

குழிதோண்டி:
அடக் கடவுளே. பை முழுக்கக் கறுப்பாக மீசை முளைத்துவிட்டது.

செயின்_ஓட்டி:
அது இரும்புச்சத்துள்ள கருமணல், மேக்னடைட். எவ்வளவோ இடத்து மணலில் கொஞ்சம் கலந்திருக்கும், கண்ணுக்குத் தனியாகத் தெரியாது. பிரஷ் மோட்டாருக்குள் நிலைக்காந்தம் இருக்கிறதல்லவா, அந்த ஓட்டை வழியாகப் போனது வெளியே வராது. காந்தத்துக்கும் சுழல்கிற பாகத்துக்கும் நடுவே இருக்கிற இடைவெளி மிகச் சின்னது, அதில் இந்தத் தூள் உரசுகிற சத்தம்தான் உங்கள் கர்ர். உரசலை மீறிச் சுற்ற மோட்டார் அதிக கரண்ட் இழுக்கும், சூடு அதனால்தான்.

பல்சக்கரம்:
பிரித்துச் சுத்தம் செய்வதாக இருந்தால் பின்மூடியின் மடிப்புகளை நிமிர்த்தும்போது, சுழல்கிற பாகத்துக்கு மின்சாரம் கொடுக்கிற கார்பன் பிரஷ் சிதறாமல் பார்த்துக்கொள்ளுங்கள். காந்தத்தில் ஒட்டிய தூளை டூத் பிரஷால் தள்ளினால் இடம்தான் மாறும், போகாது. குழந்தைகள் உருட்டுகிற பொம்மைக் களிமண்ணை ஒற்றி ஒற்றி எடுங்கள். பிரிக்கத் தயக்கமாக இருந்தால் மோட்டாரை மாற்றிவிடுங்கள், அந்த அளவு டப்பா மோட்டார் தனியாகவே கிடைக்கும், வோல்ட்டும் தண்டின் தடிமனும் பொருந்தினால் போதும்.

குழிதோண்டி:
பிரித்தேன், ஒற்றினேன், பூட்டினேன். கார்பன் பிரஷ் ஒன்று பறந்துபோய்க் கட்டிலுக்கு அடியில் கிடைத்தது, அந்தக் கதை வேண்டாம். மோட்டார் இப்போது உஸ் என்று மட்டும் ஓடுகிறது, பத்து நிமிடம் ஓட்டியும் வெதுவெதுப்புதான். ஓட்டைமேல் மெல்லிய நைலான் வலைத்துணி ஒட்டியிருக்கிறேன், சூட்டை இன்னும் இரண்டு நாள் கவனிக்கிறேன். மண் குவியல் முழுவதையும் காந்தப்பையால் நாலு தடவை துழாவியதில் இரண்டு டீஸ்பூன் கருமணல் சேர்ந்தது.

பழைய_டிப்பர்:
கொட்டிவிடாதீர்கள், 1:14 டிப்பருக்கு அதைவிட அசலான இரும்புத்தாது லோடு எங்கும் கிடைக்காது.

குழிதோண்டி:
ஏற்கெனவே ஏற்றியாகிவிட்டது. மேலே ஒட்டுத்தாள் போட்டு மூடி, பொக்லைனுக்கு எட்டாத மேல்தட்டில் நிறுத்தியிருக்கிறேன்.