புதுப்பிப்பு: தங்கச்சியின் மகன் வீட்டுக்கு வந்திட்டான்

பிறந்ததும் அழாத பிள்ளை, மூளைக்கு ஒக்சிஜன் குறைஞ்சிட்டுது, உடலைக் குளிர்விக்கிற சிகிச்சை இங்க செய்வினமா எண்டு போன முறை கேட்டிருந்தேன். இப்ப வெள்ளவத்தை வீட்டில இருக்கிறான். பால் நல்லா இழுத்துக் குடிக்கிறான். இடது பெருவிரலை மட்டும் உள்ளங்கைக்குள்ள மடக்கியே வைச்சிருக்கிறான். அம்மம்மாவுக்கு அதில்தான் முழுக் கண்ணும்.

குளிர்விப்பு செய்யேல்லை. பிறந்து 6 மணித்தியாலத்துக்குள்ள தொடங்கி, 33–34 பாகை செல்சியஸில 72 மணித்தியாலம் வைச்சிருக்க வேணும். பணக்கார நாடுகளில பலன் தந்த முறைதான். ஆனா இந்தியா, இலங்கை, பங்களாதேஷ் ஆஸ்பத்திரிகளில நடந்து 2021இல வெளிவந்த ஹீலிக்ஸ் ஆய்வில பலன் இல்லை. குளிர்வித்த பிள்ளைகளில இறப்புத்தான் கூடியிருந்தது. டொக்டர் அதைத்தான் சொன்னார், எனக்கும் நியாயமாப் பட்டது. (“ஏசியைக் கூட்டி வையுங்கோ” எண்டு எழுதின அண்ணை, தயவுசெய்து வேண்டாம்!)

வலிப்பு மருந்து தொடருது. பிசியோவுக்கு அடுத்த கிழமை திகதி தந்திருக்கினம்.