டேவ்1டி: ஏவி1 வீடியோ திக்கித் திக்கி ஓடினால் எங்கே கை வைப்பது? (அனுபவப் பகிர்வு)

பதிவு 1

ஏவி1 (வீடியோவைச் சுருக்கும் ஒரு முறை) கோப்பு திக்கினால் பழி முதலில் டீகோடர்மேல், அதாவது சுருக்கியதை விரித்துப் படமாக்கும் மென்பொருள்மேல், விழுகிறது. பெரும்பாலும் அது தவறு. டேவ்1டி என்ற ஏவி1 டீகோடர் 2018 இறுதியில் வெளிவந்தது. விஎல்சி பிளேயர், எஃப்எஃப்எம்பெக் (வீடியோவை மாற்றவும் பிரிக்கவும் உதவும் கருவி) ஆட்கள் சேர்ந்து எழுதியது, பிஎஸ்டி உரிமம், யாரும் இலவசமாக எடுத்துக்கொள்ளலாம். அதைத் தனியாக ஓட்டி அளந்த பிறகுதான் மற்றதைப் பேச வேண்டும்.

அதன் கமாண்ட் லைன் கருவிக்கு எம்பி4, எம்கேவி எதுவும் புரியாது. எஃப்எஃப்எம்பெக்கில் வீடியோவை மட்டும் 'காப்பி' முறையில் ஐவிஎஃப் (வீடியோ மட்டும் உள்ள எளிய வடிவம்) கோப்பாகப் பிரித்தெடுங்கள். மறு என்கோடிங் இல்லாததால் சீக்கிரம் முடிந்துவிடும். பிறகு அந்தக் கோப்பைக் கொடுத்து, மக்ஸரை (வெளியீட்டை எழுதும் பகுதி) 'நல்' என்று வையுங்கள். படத்தை எங்கும் எழுதாமல் டீகோட் மட்டும் செய்து, நொடிக்கு எத்தனை ஃப்ரேம், வீடியோவின் இயல்பு வேகத்துக்கு எத்தனை மடங்கு என்று காட்டும்.

60 ஃப்ரேம் வீடியோவுக்கு 200 வந்தால் டீகோடரை விட்டுவிட்டு பிளேயரின் வீடியோ அவுட்புட்டைப் பாருங்கள். 65 வந்தால் போதும் என்று எண்ண வேண்டாம், அது சராசரி. மழை, புகை, கூட்டம் என்று பிட்ரேட் (நொடிக்கான தரவு அளவு) எகிறும் காட்சியில் 60க்குக் கீழே போய்விடும். 2 மடங்காவது இருந்தால்தான் நிம்மதி.

பதிவு 2

அளப்பதற்கு முன், ஓடுவது டேவ்1டிதானா என்று உறுதி செய்துகொள்வது நல்லது. எஃப்எஃப்எம்பெக்கின் டீகோடர் பட்டியலில் ஏவி1 என்ற பெயரிலேயே ஒன்று இருக்கும். அது ஹார்டுவேரை ஓட்டுவதற்கு மட்டும். தானாக ஒரு ஃப்ரேமைக்கூட டீகோட் செய்யாது. டேவ்1டி சேர்க்காமல் பில்ட் செய்த (மூலநிரலிலிருந்து உருவாக்கிய) எஃப்எஃப்எம்பெக்கில் இதுதான் மாட்டும். 'உங்கள் கணினியில் ஏவி1 ஹார்டுவேர் வசதி இல்லை' என்ற பொருளில் வரும் பிழைச் செய்தியைப் பார்த்துப் புது கிராஃபிக்ஸ் கார்டு வாங்கக் கிளம்ப வேண்டாம். பட்டியலில் 'லிப்டேவ்1டி' (அங்கே டேவ்1டியின் பெயர்) இருக்கிறதா என்று பாருங்கள். 'லிப்ஏஓஎம்' என்ற வேறொரு ஏவி1 டீகோடர் மட்டும் இருந்தால் படம் ஓடும், மெதுவாக.

லிப்டேவ்1டியைக் கையால் குறிப்பிடும்போது, உள்ளீட்டுக் கோப்பின் பெயருக்கு முன்னால் எழுத வேண்டும். பின்னால் எழுதினால் எஃப்எஃப்எம்பெக் அதை என்கோடர் என்று எடுத்துக்கொண்டு, அப்படி ஒரு என்கோடரே இல்லை என்று நின்றுவிடும்.

பதிவு 3

சொந்தமாக பில்ட் செய்பவர்களுக்கு. மெசான், நிஞ்சா என்ற பில்ட் கருவிகள், சி கம்பைலர் போக, எக்ஸ்86 (இன்டெல், ஏஎம்டி) கணினியில் நாஸ்ம் என்ற அசெம்பிளர் 2.14 அல்லது அதற்குப் பிந்தையது வேண்டும். நாஸ்ம் இல்லையென்றால் மெசான் அங்கேயே நின்றுவிடும். அந்த இடத்தில் பலரும் செய்வது, அசெம்பிளி (சிப்பின் கட்டளைகளிலேயே எழுதிய நிரல்) விருப்பத்தை அணைத்துவிட்டு மேலே போவது. பில்ட் வெற்றி என்று வரும், படமும் சரியாக ஓடும், ஆனால் வேகம் பல மடங்கு விழுந்திருக்கும். டேவ்1டியின் உயிரே கையால் எழுதிய அந்த அசெம்பிளியில்தான் இருக்கிறது. தயவுசெய்து அதை அணைக்காதீர்கள், நாஸ்மை நிறுவுங்கள்.

ஏற்கெனவே நிறுவியதில் அசெம்பிளி இருக்கிறதா என்று பார்க்க: ஒரே ஐவிஎஃப் கோப்பைச் சாதாரணமாக ஒரு முறையும், சிபியு மாஸ்க்கை (எந்த அசெம்பிளியை ஓட்டலாம் என்று சொல்லும் அமைப்பு) 0 என்று வைத்து ஒரு முறையும் ஓட்டுங்கள். இரண்டு வேகமும் ஒன்றுபோல இருந்தால் அசெம்பிளி உள்ளே இல்லை. எக்ஸ்86க்கு மட்டும்தான் இந்தச் சோதனை. 64 பிட் ஆர்ம் சிப்பில் நம்ப வேண்டாம். அங்கே ரிலீஸ் பில்டில் நியான் (ஆர்ம் சிப்புக்கான அசெம்பிளி) எப்போதும் ஓடும், மாஸ்க் அதைத் தொடாது.

8 பிட் (நிற நுணுக்கத்தின் அளவு) வீடியோ சீராக ஓடி 10 பிட் மட்டும் திணறினால் பதிப்பு எண்ணைப் பாருங்கள். 10 பிட்டுக்கான ஏவிஎக்ஸ்2 (எக்ஸ்86 சிப்பின் வேகக் கட்டளைகள்) அசெம்பிளியில் பெரும்பகுதி 2021இல் வந்த 0.9.0இல்தான் சேர்ந்தது. பழைய லினக்ஸ் வெளியீடுகளில் அதற்கு முந்தையது தங்கியிருக்கும்.

பதிவு 4

த்ரெட் (ஒரே நேரத்தில் ஓடும் வேலை இழை) எண்ணிக்கையைக் கையால் கூட்டிக் குறைத்துப் பார்ப்பதில் பெரும்பாலும் பயனில்லை. 1.0 முதல் டேவ்1டி அதைத் தானே பார்த்துக்கொள்கிறது. ஃப்ரேம் டிலே (ஒரே நேரத்தில் டீகோட் ஆகும் ஃப்ரேம்களின் எண்ணிக்கை) வேறு கதை. சும்மா விட்டால் த்ரெட் எண்ணிக்கையின் வர்க்கமூலம்: 16 த்ரெட் என்றால் ஒரே நேரத்தில் 4 ஃப்ரேம். நேரலை, வீடியோ அழைப்பு போன்றவற்றுக்கு 1 என்று வையுங்கள். வேகம் குறையும், தாமதம் போகும்.

நினைவகம் குறைந்த கருவிகளிலும் இது உதவும். 4கே 10 பிட் ஃப்ரேம் ஒன்று சுமார் 25 எம்பி. ஏவி1 வைத்திருக்கும் 8 ரெஃபரன்ஸ் ஃப்ரேம்களோடு (மற்ற ஃப்ரேம்களுக்கு ஆதாரமானவை) வேலையில் உள்ள 4 சேர்ந்தால் 300 எம்பி படத்துக்கு மட்டும்.

ஃபிலிம் கிரெயினையும் சோதியுங்கள். என்கோடர் படத்தின் மணிமணியான இரைச்சலை நீக்கி, அதன் அளவுருக்களை மட்டும் அனுப்புகிறது. டீகோடர் மறுபடி உண்டாக்குகிறது. ஃபிலிம் கிரெயினை 0 என்று வைத்து அளந்தால் அதன் சுமை தெரியும். ஆனால் பார்க்கும்போது அணைக்காதீர்கள், முகங்கள் மெழுகு பூசியதுபோல் ஆகிவிடும். எம்பிவி பிளேயரில் கிரெயினை ஜிபியுவிடம் ஒப்படைக்கும் விருப்பம் உண்டு.

பதிவு 5

ஏவி1ஐ டீகோட் செய்யும் ஹார்டுவேர் இருந்தாலும் டேவ்1டி வேண்டும். இன்டெல் 11ஆம் தலைமுறை மொபைல் சிப், என்விடியா ஆர்டிஎக்ஸ் 30 வரிசை போன்றவை டீகோட் செய்வது மெயின் புரொஃபைல், அதாவது 4:2:0 (நிற விவரம் குறைத்தது), 8 அல்லது 10 பிட். திரைப்பதிவில் வரும் 4:4:4 (நிற விவரம் குறைக்காதது) கோப்பு அங்கே ஓடாது.

படத்தில் பச்சைக் கட்டங்கள், கிழிசல்கள் தெரிந்தால் மக்ஸரை 'எம்டி5' (டீகோட் ஆன படத்தின் சரிபார்ப்புக் குறி) ஆக்கி, எக்ஸ்86இல் சிபியு மாஸ்க் 0 வைத்தும் வைக்காமலும் ஓட்டுங்கள். இரண்டு எம்டி5யும் வேறுபட்டால் அசெம்பிளியில் பிழை, அல்லது ஓவர்கிளாக் செய்த சிபியு, ரேம். ஒன்றாகவே இருந்தால், லிப்ஏஓஎம்மிலும் அதே இடத்தைப் பாருங்கள். அங்கும் கட்டங்கள் வந்தால் கோப்பே கெட்டிருக்கிறது. அங்கே சுத்தமாக வந்தால், கீஃப்ரேமில் (தனித்தே முழுமையான ஃப்ரேம்) தொடங்கும் சிறு ஐவிஎஃப் துண்டு, பதிப்பு எண், சிபியு பெயர் மூன்றையும் சேர்த்து டேவ்1டி குழுவுக்கு அனுப்புங்கள்.