உதவி: இன்க்ஸ்கேப்பில் (படம் வரையுற மென்பொருள்) சேர்த்தால் எழுத்தும் வேலும் மோதுற இடம் ஓட்டையாகுது

ஸ்டிக்கர்தாசன்: அவசரம். பைக் ஸ்டிக்கருக்கு ‘முருகன் துணை’, நடுவுல நிமிர்ந்த வேல். ரெண்டையும் செலக்ட் பண்ணிச் சேர்த்தா, வேல் எழுத்து மேல ஏறுற இடமெல்லாம் ஓட்டை விழுது. எப்படி அடைக்கிறது? சாயந்திரம் கட்டர்ல (ஸ்டிக்கர் வெட்டுற மெஷின்) வெட்டணும்.

கோட்டோவியன்: சேர்த்தான்னா எதைக் கொடுத்தீங்க, யூனியனா (ஒரே உருவமா ஒட்டுறது) கம்பைனா? எழுத்தைப் பாத் (கோட்டுப் பாதை) ஆக்கிட்டீங்களா? வேலுக்கு ஸ்ட்ரோக் (தடிமனான ஓரக்கோடு) இருக்கா?

நோடுநாயகம்: தேடிப் பார்க்குற பழக்கம் யாருக்குமே இல்ல. கம்பைன் எதையும் ஒட்டாது, எல்லாப் பாதையையும் ஒரே பொருளுக்குள்ள போட்டு வைக்கும். ஃபில் ரூல் (எங்க நிறம் நிரப்பணும்ங்கிற விதி) ஈவன்-ஆட்ல இருந்தா ரெட்டையா படியுற இடம் காலி. அரிச்சுவடி இது.

வினைல்வேலு: கோரல் டிராவுல (இன்னொரு வரையுற மென்பொருள்) வெல்ட், அதான் ஒட்டுறது, ஒரே அமுக்கு. இல்லேன்னா கண்ட்ரோல் எல் போடுங்க.

கோட்டோவியன்: அண்ணே, கண்ட்ரோல் எல் கோரல்லதான் கம்பைன். இன்க்ஸ்கேப்ல அது சிம்ப்ளிஃபை, பாதையில இருக்குற நோடை (புள்ளியை) குறைக்கும். அடுத்தடுத்து அமுக்கினா வேல் முனை மழுங்கிடும். கண்ட்ரோல் கே-யும் அப்படித்தான்: அங்க பிரிக்கும், இங்க சேர்க்கும்.

வினைல்வேலு: நோடு குறைஞ்சா கத்தி சீரா ஓடும். சிம்ப்ளிஃபை போடாம நான் வெட்டுறதே இல்ல.

நோடுநாயகம்: பெரிய வளைவுக்குப் போடுங்க, வேணாம்னு யார் சொன்னா. ணகரச் சுழியில போட்டா கோணிக்கும்.

ஸ்டிக்கர்தாசன்: நான் கொடுத்தது கண்ட்ரோல் கே-தான், கம்பைன். ஃபில் ரூலை நான்ஸீரோ ஆக்கினேன். வேலோட இடது பாதி சரியாச்சு, வலது பாதியில இன்னும் ஓட்டை. ஃபைலை மூடித் திறந்துட்டேன், அண்டூ போகாது.

வினைல்வேலு: பிரேக் அபார்ட் (சேர்த்ததைப் பிரிக்கிறது) போட்டு மறுபடி யூனியன்.

கோட்டோவியன்: வேண்டாம், க, ன, ணை உள் ஓட்டையெல்லாம் அடைஞ்சு போகும்.

தாசன், வேலைப் பாதி வரைஞ்சு, டூப்ளிகேட் எடுத்து, எச் அமுக்கித் திருப்பினீங்கதானே? திருப்பினா பாதையோட சுற்றும் திசையும் தலைகீழாகும். நான்ஸீரோ திசையைக் கூட்டிக் கழிச்சுப் பார்க்கும்: எழுத்து கூட்டல் ஒண்ணு, திருப்பின பாதி கழித்தல் ஒண்ணு, மொத்தம் பூஜ்யம், அதனால ஓட்டை.

நோடு டூலை எடுங்க (என்). வலது பாதியில ஒரே ஒரு நோடை மட்டும் செலக்ட் பண்ணி ஷிப்ட் ஆர். அந்தப் பாதை மட்டும் திரும்பும். ஓட்டை மறைஞ்சதும் கண்ட்ரோல் பிளஸ், அதான் யூனியன். ஒரே பொருளா இருந்தாலும் வேலை செய்யும். ஃபில் ரூல் நான்ஸீரோல இருக்கும்போதே கொடுக்கணும், ஈவன்-ஆட்ல கொடுத்தா ஓட்டையோடயே உறைஞ்சிடும்.

திரையில நிரம்பிட்டதேன்னு யூனியனை விட்டுடாதீங்க. கட்டர் நிறத்தைப் பார்க்காது, கோட்டைத்தான் பார்க்கும். உள்ள கிடக்குற கோட்டையும் கீறிடும். கண்ட்ரோலோட நம்பர் பேட் 5 அமுக்கி, அவுட்லைன் (கோடு மட்டும் தெரியுற பார்வை) வர்ற வரைக்கும் மாத்திப் பாருங்க, எழுத்துக்குள்ள வேல் கோடு ஓடக் கூடாது. ரெண்டு பாதியும் சேருற நடுக்கோட்டையும் பெரிசாக்கிப் பாருங்க. வெறுமனே தொட்டுக்கிட்டு இருந்தா மயிரிழைப் பிளவு நிக்கும். ஒரு பாதியை 0.1 மிமீ உள்ள தள்ளிட்டு யூனியன் கொடுங்க.

நோடுநாயகம்: முதல்லயே கம்பைன் இல்லாம யூனியன் கொடுத்திருந்தா திசைப் பேச்சே வந்திருக்காது. யூனியன் ஒவ்வொரு பொருளையும் தனித்தனியா எடுத்துத்தான் ஒட்டும்.

ஸ்டிக்கர்தாசன்: ஷிப்ட் ஆர்ல சரியாச்சு. நன்றி.

கோட்டோவியன்: ஸ்ட்ரோக் கேட்டேனே? 2 மிமீ ஸ்ட்ரோக் இருந்தா கத்தி அதோட நடுவுலதான் போகும், வேல் ரெண்டு பக்கமும் 1 மிமீ இளைச்சிடும். இருந்தா கண்ட்ரோல் ஆல்ட் சி (ஸ்ட்ரோக்கைப் பாதையாக்கும்) கொடுத்து, அன்குரூப் பண்ணி, திரும்ப யூனியன்.

வினைல்வேலு: ஆள் வெட்டப் போயிட்டாரு.