எங்கள் ஊர்ப் போர் நினைவுக்கல்லைக் காப்பாற்ற உதவுங்கள்

வடசென்னை உறவுகளுக்கு வணக்கம். வசிப்பது தண்டையார்பேட்டை, பூர்வீகம் வேலூர்ப் பக்கம் ஒரு கிராமம். 1914–1919 பெரும் போருக்கு (முதல் உலகப் போர்) அங்கிருந்து எத்தனை பேர் போனார்கள், எத்தனை பேர் உயிர்நீத்தார்கள் என்று பொறித்த கல் எங்கள் சாவடிச் சுவரில் இருக்கிறது. எண்ணிக்கை மட்டும்தான், ஒரு பெயர்கூட இல்லை. பொங்கலுக்குப் பொங்கல் பூசிய சுண்ணாம்பு எழுத்துப் பள்ளங்களை அடைத்துவிட்டது.

சாவடியை இடிக்கப் போகிறார்கள். 1914-இல் ஜெர்மன் போர்க்கப்பல் எம்டனின் குண்டுவீச்சைக் கண்ட பகுதி நம்முடையது. இந்தக் கல்லின் அருமை உங்களுக்குப் புரியும்.

கல்வெட்டில் மைப்படி (எழுத்துகளைத் தாளில் மையால் ஒற்றியெடுக்கும் படி) எடுக்கத் தெரிந்தவர்கள் சாவடியை இடிப்பதற்குள் வர முடியுமா? வேலூரிலிருந்து ராயபுரம், திருவொற்றியூர் பக்கம் குடியேறிய குடும்பங்களில் பட்டாளத்துப் பதக்கம் இருந்தால் விளிம்பைப் பாருங்கள். பெயரும் படைப்பிரிவும் பொறித்திருக்கும். காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையத்தின் பட்டியலோடு ஒப்பிட்டு, மாண்டவர்களின் பெயர்களையாவது மீட்க வேண்டும்.